பக்கத்து சீட்டில் யார்?

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கும் அட்மின், ஹெச்.ஆர். பிரிவினருக்கும் வணக்கம்.

ஊர்ப் பேருந்து நிலையத்தில் வண்டி நின்றும் நிற்காமலும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்து வளர்ந்தவள் நான். இடத்துக்கு முண்டியடிப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் 16 வருட சர்வீஸுக்கு அப்புறம், சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் ஐந்தாம் மாடியில், காலை ஒன்பதேகாலுக்கு, ஒரு நாற்காலியில் கிடக்கும் துப்பட்டாவையும் தண்ணீர் பாட்டிலையும் பார்த்து, "இது யாராவது போட்ட துண்டா, இல்லை நேற்று மறந்துவிட்டுப் போனதா?" என்று யோசித்துக்கொண்டு நிற்பேன் என்று நினைத்ததில்லை. மூன்று வருடமாக அப்படித்தான் நிற்கிறேன்.

சுற்றி வளைக்கவில்லை. என் மேசையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. அது போனது போனதுதான். நான் கேட்பது வேறு. அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

2020 மார்ச்சில் லேப்டாப்பையும் சார்ஜரையும் பையில் போட்டுக்கொண்டு, "ரெண்டு வாரத்துல பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது தளமே மாறியிருந்தது. தடுப்புகளை எடுத்துவிட்டு நீள நீளமாக வெள்ளை மேசைகள். சீட்டுக்கு ஒரு மானிட்டர், ஒரு எண், ஓரத்தில் ஒட்டிய க்யூ.ஆர். சதுரம். இனி யாருக்கும் சொந்த மேசை கிடையாது; வருகிற நாளுக்கு ஆப்பில் சீட் புக் செய்து, கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும். மூன்று பேருக்கு இரண்டு சீட் என்பது கணக்கு. வாரத்தில் மூன்று நாள் வந்தாக வேண்டும் என்பது உத்தரவு. எல்லா டீமும் தேர்ந்தெடுப்பது அதே செவ்வாய், புதன், வியாழன். ஆக, திங்களும் வெள்ளியும் தளத்தில் ஈ ஓட்டலாம். புதன்கிழமையோ கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி, உட்கார்ந்திருப்பவர் எப்போது எழுந்திருப்பார் என்று நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் நிற்பார்.

கணக்கு எனக்கும் புரிகிறது. ஓ.எம்.ஆரில் சதுர அடி வாடகை சும்மா வருவதில்லை. பாதி நாள் காலியாகக் கிடக்கிற மேசைக்கு ஏ.சி. போட்டு, லைட் போட்டு, துடைத்துவைக்க எந்தக் கம்பெனிக்கும் மனசு வராது. அதில் தப்பும் இல்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கிற இரண்டு நாளை எங்களுக்கு விட்டுக்கொடுத்தீர்கள். பதிலுக்கு மேசையை நாங்கள் விட்டுக்கொடுத்தோம். அந்தப் பேரம் சரிதான். ஆனால் மேசையோடு சேர்ந்து இன்னொன்றும் போயிற்று. அது உங்கள் கணக்கில் எந்தப் பத்தியிலும் இல்லை.

என் பழைய மேசையின் இழுப்பறையைப் பற்றிச் சொல்கிறேன். ஏழு வருடம் அது என்னுடையது. உள்ளே விபூதிப் பொட்டலம், ஊக்கு அட்டை, பாராசிட்டமால், நாப்கின், ஏ.சி.க்கு ஒரு சால்வை, அம்மா கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில். சேஃப்டி பின் வேண்டுமென்றால் அந்த பே (எங்கள் மேசை வரிசை) முழுவதும் என்னிடம்தான் வருவார்கள். புடவை கட்டுகிற நாளில் காலையில் ஒரு வரிசையே நிற்கும். தலைவலி என்றால் கேட்கக்கூட மாட்டார்கள். இழுப்பறையைத் திறந்து மாத்திரையை எடுத்துக்கொண்டு, "அக்கா, எடுத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சம்பளம் எவ்வளவு உயர்ந்தது என்பதில் தொடங்கி வீட்டில் மாமியார் என்ன சொன்னார் என்பது வரை அந்த இழுப்பறைக்கு முன்னால் நின்றபடி பேசியிருக்கிறோம். ஒருத்தி கர்ப்பமாக இருப்பதை அவள் வீட்டாருக்கு அடுத்தபடியாகத் தெரிந்துகொண்டது அந்த இழுப்பறைதான். வாந்திக்கு எலுமிச்சை மிட்டாய் கேட்டு வந்தாள், நான் முகத்தைப் பார்த்தேன், அவள் சிரித்தாள்.

இப்போது எனக்கு லாக்கர் இருக்கிறது. இரண்டாம் மாடியில், ரகசிய எண்ணோடு. ஊறுகாயை அங்கே வைத்துக்கொள்ளலாம். யாரும் வந்து எடுக்கப்போவதில்லை.

சரி, இதெல்லாம் பெண்கள் கதை, வேலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். வேலைக் கதையே சொல்கிறேன்.

மென்பொருளைச் சோதிக்கிற எங்கள் டெஸ்டிங் டீமில் போன வருடம் ஒரு ஃப்ரெஷர் சேர்ந்தாள். கல்லூரி முடித்து மூன்று மாதம். கரூர்ப் பக்கம் ஊர். அவளுக்குக் கிடைத்த சீட் ஏழாம் மாடியில், பேரோல் (சம்பளக் கணக்கு) ஆட்களுக்கு நடுவில். டெஸ்ட் சூழலில் ஏதோ ஒரு பாதை தவறாக இருந்ததால் அவள் ஓட்டிய எல்லா டெஸ்டும் சிவப்பாக, அதாவது ஃபெயிலாக, விழுந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். மூன்றாம் நாள் தற்செயலாக என் பக்கத்தில் இடம் கிடைத்தது. உட்கார்ந்து பத்து நிமிஷம் இருக்கும். "ப்ச்" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். "என்னம்மா?" என்றேன். திரையைக் காட்டினாள். ஒரே ஒரு வரி. மாற்றினோம், எல்லாம் பச்சையாக ஓடியது. "ரெண்டு நாளா ஏன் கேக்கல?" என்றேன். "சாட்ல கேக்கலாம்னு நாலு தடவ டைப் பண்ணி அழிச்சுட்டேன்க்கா. இதுகூடத் தெரியலயான்னு நினைப்பீங்களோன்னு இருந்துச்சு."

புதிதாக வந்தவர்கள் எங்கள் தொழிலில் கற்றுக்கொள்வது இப்படித்தான். பயிற்சி வகுப்பில் கற்பதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் போனில் கிளையண்டிடம் எப்படிப் பேசுகிறார், பில்ட் (புதிதாகத் தொகுத்த மென்பொருள்) உடைந்தால் முதலில் எந்த லாகை (பதிவுக் கோப்பை) திறக்கிறார், எதற்கெல்லாம் பதறுவதில்லை என்று பார்த்துக் கற்பதுதான் அதிகம். நானும் அப்படித்தான் கற்றேன். அந்த "ப்ச்"சை அனுப்ப சாட்டில் பொத்தான் கிடையாது. எமோஜி இருக்கிறது, ஆனால் எமோஜி போடுவதற்கு முதலில் யாரிடம் போடுவது என்று முடிவு செய்ய வேண்டும். ப்ச் யாருக்கும் அனுப்பப்படுவதில்லை. பக்கத்தில் இருப்பவர் காதில் தானாக விழும், அவ்வளவுதான்.

உங்கள் போஸ்டர்களில் 'கலந்து பழகுங்கள், புதுப்புது ஆட்களோடு உட்காருங்கள், புதுமை பிறக்கும்' என்று போட்டிருக்கிறீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஹார்வர்டைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீபன் டர்பன் இருவரும் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டு பெரிய நிறுவனங்களின் தலைமையகங்களில் தடுப்புகளை எடுத்துத் திறந்த தளமாக மாற்றியபோது, ஊழியர்களின் கழுத்தில் கருவியை மாட்டி, யார் யாரோடு எவ்வளவு நேரம் நேரில் பேசுகிறார்கள் என்று அளந்து பார்த்தார்கள். நேருக்கு நேர் பேச்சு சுமார் 70 சதவீதம் குறைந்திருந்தது. மெயிலும் மெசேஜும் கூடியிருந்தன. அது திறந்த தளத்தைப் பற்றிய ஆய்வு, தினமும் சீட் மாறுவதைப் பற்றியது அல்ல. ஆனாலும் எங்கள் மாடிக்கு வந்து பாருங்கள். நூறு பேர், நூறு ஹெட்போன். பக்கத்தில் இருப்பவர் பெயர் தெரியாது. நாளைக்கு அவர் இருக்கப்போவதில்லை, அப்புறம் எதற்குப் பெயரைக் கேட்டுக்கொண்டு?

இது புதிய யோசனையும் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் ஷையட்/டே என்றொரு விளம்பர நிறுவனம். அதன் தலைவர் ஜே ஷையட், 1990களின் நடுவிலேயே யாருக்கும் மேசை கிடையாது என்று அறிவித்தார். காலையில் வந்து கவுன்ட்டரில் லேப்டாப்பும் போனும் வாங்கிக்கொள்ள வேண்டும், மாலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கட்டடத்தின் முகப்பில் பிரம்மாண்டமான பைனாகுலர் சிற்பம். பார்க்க ஊரே வந்தது. உள்ளே என்ன நடந்தது? லேப்டாப் எல்லோருக்கும் போதவில்லை, விடியற்காலையிலேயே வந்து எடுத்து ஒளித்துவைத்தார்கள். காகிதங்களை கார் டிக்கியில் அடுக்கிவைத்து, தேவைப்படும்போது பார்க்கிங்குக்கு ஓடினார்கள். ஒரு பெண் தன் கோப்புகளைக் குழந்தைகள் இழுத்து விளையாடும் பொம்மை வண்டியில் ஏற்றி, மாடியெல்லாம் இழுத்துக்கொண்டு திரிந்தாராம். 1990கள் முடிவதற்குள் மேசைகள் திரும்பி வந்துவிட்டன. இத்தனைக்கும் அவர்களிடம் புக்கிங் ஆப் கிடையாது. இருந்திருந்தால் இன்னும் சீக்கிரமே திரும்பியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆப் என்றதும் ஞாபகம் வருகிறது. எந்த நாளுக்கும் 14 நாள் முன்கூட்டியே, நள்ளிரவு 12 மணிக்குப் புக்கிங் திறக்கிறது. ஏன் நள்ளிரவு? தட்கல் டிக்கெட்டுக்குக்கூட ரயில்வே காலை 10, 11 என்று மனிதர்கள் விழித்திருக்கும் நேரத்தைத்தான் கொடுத்திருக்கிறது. எங்கள் டீமில் ஒரு தம்பி இதற்கென்றே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, ஆறு பேருக்குச் சேர்த்து சீட் போட்டுத்தருகிறான். அவன் எழுதியதிலேயே இன்றுவரை ஒரு பக் (பிழை) கூட வராத நிரல் அதுதான். (அவனைத் தேடாதீர்கள். அப்ரைசல் நேரம்.) புக் செய்தும் நிம்மதி இல்லை. ஒன்பதரைக்குள் ஸ்கேன் செய்யாவிட்டால் சீட் தானாகப் பறிபோய்விடும். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரைக்குமான மெட்ரோ வேலை இந்தச் சாலையை எப்படி வைத்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? துரைப்பாக்கத்தில் அசையாமல் நிற்கும் பஸ்ஸுக்குள் இருந்து, போனில் என் சீட் பச்சையிலிருந்து சாம்பல் நிறமாவதைப் பார்த்திருக்கிறேன். அரை கிலோமீட்டர் தூரம்தான். இறங்கி ஓடலாமா என்றுகூடத் தோன்றியது. 41 வயதில்.

நாற்காலிக்கு வருவோம். இதை 'ஹாட் டெஸ்க்' என்கிறோமே, கடற்படையிலிருந்து வந்த பேச்சு என்பார்கள். ஒரு மாலுமி எழுந்து டியூட்டிக்குப் போவார்; படுக்கையில் அவர் உடம்புச் சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் வந்து படுப்பார். எனக்கு முன்னால் உட்கார்ந்தவர் ஆறடி உயரம் என்றால் அன்றைக்கு என் கால் தரையில் படாது. நெம்புகோலை இழுத்து நாற்காலியைக் கீழே இறக்கினால் மேசை உயரமாகிவிடும், தோள்பட்டை காதுவரை ஏறிவிடும். மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று நீங்களே ஒரு வீடியோ அனுப்பினீர்கள். அதற்காக நான் ஏ4 பேப்பர் கட்டு ஒன்றை அடியில் வைத்தேன். 'மேசை சுத்தமாக இருக்க வேண்டும்' என்ற விதிப்படி மறுநாளே அதை எடுத்துவிட்டார்கள். ஹவுஸ்கீப்பிங் அக்காவைக் குறை சொல்லமாட்டேன், பாவம், அவருக்கு வந்த உத்தரவு அது. என் கழுத்துக்குத்தான் இப்போது பிசியோதெரபி.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வேலை செய்கிற எல்லோருக்கும் உட்காரத் தகுந்த இருக்கை வசதி வேண்டும் என்பது அதன் சாரம். கேரளம் 2018இலேயே செய்துவிட்டது. கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் போராடி வாங்கியது. தி. நகரில் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே புடவை விரித்துப் போடுகிற பெண்களுக்காக வந்த சட்டத்தை ஏ.சி.யில் உட்கார்ந்திருக்கிற நான் இங்கே இழுப்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. அவர்கள் படும் பாட்டுக்கு முன்னால் என் பாடு ஒன்றுமில்லை. ஆனால் 'தகுந்த' என்ற சொல் என்னை விடமாட்டேன் என்கிறது. எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி காலையில் சீட் தேடி மூன்று மாடி ஏறி இறங்கினால் அது தகுந்ததா? வட்டு விலகி ஆபரேஷன் முடிந்து வந்தவரும் நள்ளிரவில் விழித்திருந்துதான் சாய்மானம் உள்ள நாற்காலியைப் பிடிக்க வேண்டுமா?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், கோபிக்காதீர்கள். 'இங்கே பெரியவர் சிறியவர் இல்லை, எல்லோருக்கும் எல்லா இடமும்' என்று லிஃப்ட் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. அந்த லிஃப்டிலிருந்து இறங்கினால் வலது பக்கம் வரிசையாக ஒன்பது கேபின். ஒன்பதிலும் பெயர்ப் பலகை. வாரத்தில் பெரும்பாலான நாள் ஆறேழு பூட்டியே கிடக்கும்; உள்ளே இருக்க வேண்டியவர்கள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். அதே நேரத்தில் கிளையண்டோடு போனில் பேச இடம் கிடைக்காமல் எங்கள் டீம் லீட் அவசர வழிப் படிக்கட்டில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துப் பேசிக்கொண்டிருப்பார். காலி மேசை வீண் என்றால் காலி கேபின் மட்டும் எப்படி வீண் இல்லாமல் போகும்?

நியாயமாகப் பார்த்தால், கூட வேலை பார்க்கிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். முறுக்கு தின்ற கையோடு பொது மவுஸைத் தொடாதீர்கள். ஸ்பீக்கரில் போன் பேசாதீர்கள். நகம் வெட்டுவதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானமே கிளம்பிப் போகிறவர்கள் சீட்டை விடுவிக்காமல், ஆறு மணி வரை பையைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போகாதீர்கள். கருவாட்டைப் பற்றி மட்டும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன், எனக்கும் பிடிக்கும்.

போன ஆயுத பூஜைக்கு நடந்தது ஒன்று. முன்பெல்லாம் முதல் நாள் சாயங்காலமே ஆளாளுக்குத் தங்கள் மேசையைத் துடைத்து, மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கீபோர்டின் மேல் ஒரு சாமந்திப் பூவை வைத்துவிட்டுப் போவோம். கிறிஸ்தவப் பையன் ஒருவன் இருந்தான், அவன்தான் எல்லோருக்கும் பொரி வாங்கிவருவான். போன வருடம் அட்மினே ரிசப்ஷனில் மொத்தமாக ஒரு பூஜை போட்டு, கிண்ணத்தில் பொரி கடலை கொடுத்தீர்கள். குறை ஒன்றுமில்லை. நான் குங்குமத்தை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். அன்றைக்கு என் சீட் 5-டி-041. அந்த மானிட்டரை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. அதற்குப் பொட்டு வைக்கக் கை வரவில்லை. கடைசியில் வீட்டிலிருந்து கொண்டுவருகிற என் சொந்த மவுஸுக்கு வைத்துவிட்டு, பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் பார்த்தால் பையின் உள்பக்கமெல்லாம் குங்குமம்.

இனி நான் கேட்பது. ஒவ்வொரு டீமுக்கும் ஒரு பே ஒதுக்குங்கள். பத்துப் பேர் டீமுக்கு ஏழு சீட் கொடுத்தால் போதும். எந்த நாள் யார் வருவது, யார் எங்கே உட்காருவது என்பதை நாங்களே பேசி முடித்துக்கொள்கிறோம். கூட்டுக் குடும்பத்தில் ஒரு பாத்ரூமைப் பங்கிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள், இது பெரிய விஷயமில்லை. உங்கள் மூன்றுக்கு இரண்டு கணக்கு இதில் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது, ஒரு சதுர அடிகூடக் கூடவில்லை. எல்லா டீமும் ஒரே புதன்கிழமையில் வந்து முட்டிக்கொள்வதும் குறையும், ஏனென்றால் அவரவர் பேயில் இடம் இல்லையென்று அவரவருக்கே தெரியும். அந்த பேயில் ஒரே ஒரு இழுப்பறை வையுங்கள், பூட்டு வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் உடம்புக்கு முடியாதவர்களுக்கும் ஆப் இல்லாமல் நிரந்தர நாற்காலி கொடுங்கள். அதற்கு டாக்டர் சீட்டு மூன்று நகல் கேட்காதீர்கள். ஆள் இல்லாத நாளில் கேபின்களைத் திறந்துவிடுங்கள். ஒன்பதரையைப் பத்தரையாக்குங்கள், மெட்ரோ ஓடத் தொடங்குகிற வரைக்குமாவது.

முழுத் தளத்துக்கும் இப்போதே செய்யத் தயக்கமாக இருந்தால், ஐந்தாம் மாடி பி பகுதியில் எங்கள் டீமை வைத்து மூன்று மாதம் பாருங்கள். முன்னும் பின்னும் பிழைகள் எவ்வளவு, ஃப்ரெஷர்கள் தேற எத்தனை நாள் என்று நீங்களே அளந்துகொள்ளுங்கள். அளப்பதற்குத்தான் உங்களிடம் டாஷ்போர்டு இருக்கிறதே.

பதிலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். மேசையில் வைத்தால் வேறு யாருக்காவது போய்ச் சேரும்.

இப்படிக்கு,
டெஸ்டிங் டீமிலிருந்து ஒருத்தி
(இன்றைய சீட்: 5-பி-083)